வால்வு போதும் என்றேன்

ரேடியோ வியாபாரத்தில் ஒரு தொல்லை உண்டு: அலமாரியில் இருப்பது போன வருஷத்துச் சரக்கு, எதிரே நிற்பவர் கேட்பது அடுத்த வருஷம் வரப்போவதை. கடிகாரமோ தையல் மிஷினோ விற்றுப் பிழைத்தவர்கள் யாராவது இதைப் படித்தால் என் பாடு புரியும். நீங்களும் ஒரு நாள் யாரிடமாவது அடித்துப் பேசியிருப்பீர்கள். நான் பேசிய இடங்களை மட்டும் சொல்கிறேன்.

கடலூர்க் கூட்டம்

அறுபதுகளின் தொடக்கம். எனக்குச் சிதம்பரம் கீழ வீதியில் ரேடியோ கடை. கம்பெனிக்காரர்கள் எங்கள் ஜில்லா டீலர்களை எல்லாம் கடலூருக்குக் கூப்பிட்டிருந்தார்கள். மேடையில் மூன்று பெரிய மனிதர்கள்: முதலாளி, விற்பனை மேனேஜர், பம்பாயிலிருந்து வந்த தலைமை இன்ஜினீயர். ரேடியோவின் எதிர்காலம் என்ன என்று எங்களை வைத்துக்கொண்டே அவர்களுக்குள் விவாதம். கரண்ட் இல்லாத கிராமத்துக்கெல்லாம் இனி டிரான்சிஸ்டர்தான் போகும் என்றார் மேனேஜர். அதற்கு இன்னும் பத்து வருஷம் ஆகும், வால்வை யாராலும் அசைக்க முடியாது என்றார் முதலாளி. எனக்கு முதலாளி பேச்சுதான் இனித்தது. கடையில், உள்ளே கண்ணாடிக் குழல் எரிகிற வால்வு செட்டாக அடுக்கி வைத்திருந்தேனே!

இன்ஜினீயர் பாக்கெட்டிலிருந்து மூன்று கால் முளைத்த மிளகு மாதிரி ஒன்றை எடுத்துக் காட்டினார். அதுதான் டிரான்சிஸ்டராம். ஒரு வால்வு செய்கிற வேலையை அது செய்யுமாம், சூடாகிற வரைக்கும் காத்திருக்க வேண்டாமாம். நான் எழுந்து, "சார், இத ரேடியோவுல போடறதா, எங்க வீட்டுக்காரி மூக்குல போடறதா?" என்று கேட்டேன். கூட்டமே சிரித்தது. முதலாளியும் சிரித்தார். இன்ஜினீயர் மட்டும் அதைத் திரும்பப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு அமைதியாகச் சொன்னார்: "சிரிச்சு முடிச்சதும் எனக்கு ஒரு லெட்டர் போடுங்க. இத எப்படி ரிப்பேர் பண்றதுன்னு எழுதி அனுப்பறேன்."

நான் போடவில்லை.

மச்சான் போனது

என் மனைவியின் தம்பி தண்டபாணி கடையில் எனக்கு வலது கை. கடலூர்க் கூட்டத்துக்கு அவனும் வந்திருந்தான். பிறகு என்னைக் கேட்காமல் கம்பெனிக்கு எழுதி, ஒரு டிரான்சிஸ்டர் செட்டை மாதிரிக்கு வரவழைத்துக் கண்ணாடி பீரோவில் வைத்தான். நாலு டார்ச் செல் போட்டால் பாடியது. சத்தம் கொஞ்சம் தகர டப்பா மாதிரி இருந்தது. எனக்கு அது போதும். வருகிறவர்களிடம் எல்லாம் பக்கத்தில் ஒரு வால்வு செட்டைப் போட்டுக் காட்டி, "எது பாட்டு, எது கொசு, நீங்களே சொல்லுங்க" என்பேன்.

ஆறு மாதம் பொறுத்தான். ஒரு நாள் பெங்களூரில் ஒரு தொழிற்சாலையில் வேலை கிடைத்திருப்பதாகச் சொன்னான். டிரான்சிஸ்டர் செட் பூட்டுகிற வேலை. "போடா மச்சான், மூக்குத்தி செய்யக் கத்துக்கிட்டு வா" என்றேன். அவன் சிரிக்கவில்லை. "மாமா, அந்தக் கூட்டத்துல நீங்க கேட்டதுதான் எல்லாருக்கும் ஞாபகம் இருக்கு. அவுங்க சொன்னது ஒருத்தருக்கும் ஞாபகம் இல்ல. அதான் பயமா இருக்குது" என்றான்.

பரங்கிப்பேட்டை பாய்

ஒரு பெரியவர் கைக்குட்டையில் சுற்றிய ஒன்றைக் கொண்டுவந்தார். பினாங்கிலிருந்து மகன் அனுப்பிய சின்ன டிரான்சிஸ்டர் செட். உள்ளே ஒரு ஒயர் விட்டிருந்தது, அவ்வளவுதான். எனக்குத் தெரியாது என்று சொல்ல நாக்கு வரவில்லை. வால்வு செட்டுகளுக்கு வைத்திருந்த, ஈயம் பற்றவைக்கிற முரட்டுக் கோலைக் காய்ச்சி வைத்தேன். வால்வு அந்தச் சூட்டையெல்லாம் லட்சியம் செய்யாது. இந்த மிளகு தாங்காது, குறட்டால் காலைப் பிடித்துக்கொண்டு நொடியில் வைத்து எடுக்க வேண்டும் என்பது பின்னால் தெரிந்துகொண்டது. ஒவ்வொன்றாக மூன்று டிரான்சிஸ்டர் செத்தது.

பெரியவர் செட்டைக் காதில் வைத்துப் பார்த்தார். மறுபடி கைக்குட்டையில் சுற்றிக்கொண்டார். கோபமாக ஒரு சொல் சொல்லியிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும். "மௌத்தானத எழுப்ப நம்மால ஆவாது தம்பி. தெரியாதுன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா மெட்ராசுக்கு எடுத்துட்டுப் போயிருப்பனே" என்றார்.

பிச்சாவரத்துப் பெட்டி

இதைச் சொல்லத்தான் மற்றதையெல்லாம் சொன்னேன்.

பிச்சாவரத்துக்குப் பக்கத்து மீனவக் கிராமத்திலிருந்து கலியமூர்த்தி என்பவர் நாலு பேரோடு வந்தார். ஊர்ப் பொதுவில் ஒரு ரேடியோ வேண்டும். பாட்டுக்கு இல்லை, புயல் சேதிக்கு. "கடலூரு ஆர்பர்ல கூண்டு ஏத்துனா எங்களுக்கு எப்படிங்க தெரியும்?" என்றார். ஊரில் கரண்ட் இல்லை. பீரோவிலிருந்த டிரான்சிஸ்டரைக் காட்டி, அது எப்படி என்று கேட்டார். உப்புக்காற்றுக்கு ஒரு மாதம் தாங்காது என்று அடித்துச் சொன்னேன். தாங்குமா தாங்காதா என்று எனக்கே தெரியாது. விற்காமல் கிடந்த பேட்டரி வால்வு செட் ஒன்றைக் கொடுத்தேன். அதற்குப் போடுகிற பேட்டரி மூன்று செங்கல் சேர்ந்த அளவு, மெட்ராசிலிருந்துதான் வர வேண்டும். டார்ச் செல்லோ அவர்கள் ஊர்ப் பெட்டிக்கடையிலேயே கிடைத்தது.

ஐப்பசியில் பேட்டரி இறங்கிவிட்டது என்று வந்தார். எழுதிப் போட்டேன். வரவில்லை. மறுபடி வந்தார். "ரெண்டு நாள்ல வந்துடும்" என்றேன். அவர் பீரோவைப் பார்த்து, "அதுவரிக்கும் இந்தச் சின்னத எடுத்துட்டுப் போவட்டுங்களா?" என்று கேட்டார். கொடுத்திருக்கலாம். கொடுத்து, அது உப்புக்காற்றில் நன்றாகப் பாடிவிட்டால் என் பேச்சு என்னாவது? "அது சாம்பிளு, வெளிய குடுக்கறதில்ல" என்று சொல்லி அனுப்பினேன்.

நாலாம் நாள் புயல் அடித்தது. முந்தின நாளே ரேடியோவில் சொல்லியிருந்தார்கள். நான் கடையில் உட்கார்ந்து நன்றாகவே கேட்டேன். பிச்சாவரத்துப் பக்கம் கேட்க அவர்களிடம் வழியில்லை. அந்த ஊரிலிருந்து போன கட்டுமரங்களில் ஒன்று திரும்பவில்லை. அதில் போனவர் கலியமூர்த்தியின் தம்பி.

பேட்டரி பார்சல் அதற்குப் பிறகு வந்தது. அதைப் பிரிக்கவில்லை. டிரான்சிஸ்டரை எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன். அவர் வாசலில் மொட்டையடித்த தலையோடு உட்கார்ந்திருந்தார். உள்ளே தம்பி பெண்டாட்டி அழுவது கேட்டது. செட்டைக் கீழே வைத்தேன். என்னென்னவோ சொல்ல நினைத்துப் போனவன், "இது தாங்குங்க" என்று மட்டும் சொன்னேன். அவர் அதை எடுத்துத் தன் பக்கத்தில் வைத்துக்கொண்டார். பிறகு சொன்னார்: "பொட்டில சொன்னாலும் அவன் போயிருப்பானோ என்னாவோ. நீங்க மோர் குடிச்சிட்டுப் போங்க."

சிபாரிசு

அதன் பிறகு நான் டிரான்சிஸ்டர் கற்றுக்கொண்டேன். பெங்களூர் போய்த் தண்டபாணியின் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து பதினைந்து நாள் படித்தேன். அவன் ஒரு தடவைகூடக் குத்திக்காட்டவில்லை. அதுவும் ஒரு தண்டனைதான். அறுபத்தெட்டு, அறுபத்தொன்பதில் கீரப்பாளையம், புவனகிரிப் பக்கமெல்லாம் வரப்பில் டிரான்சிஸ்டரைத் தோளில் தொங்கப் போட்டுக்கொண்டு ஆட்கள் போனார்கள். பெரிய செட்டைக் கேட்க ஆளில்லை. வியாபாரம் நன்றாகத்தான் நடந்தது.

ஒரு நாள் கலியமூர்த்தி கடைக்கு வந்தார். நான் கொடுத்த செட் இன்னும் பாடுகிறதாம். வேறு ஊர் ஆட்கள் இரண்டு பேரைக் கூட்டி வந்திருந்தார். அவர்கள் ஊருக்கும் ஒன்று வேண்டும். நான் செட்டை எடுக்கப் பீரோ பக்கம் திரும்பியபோது, கடைக்காரர் எப்படி, நம்பலாமா என்று அவர்களில் ஒருவர் கேட்டார். கலியமூர்த்தி குரலைத் தாழ்த்தவில்லை. குரலில் கோபமும் இல்லை.

"தாராளமா நம்பலாம். முன்ன தெரியாம சொல்லிகிட்டிருந்தாரு. எங்க ஊராலதான் தெரிஞ்சிகிட்டாரு."

ஊர் ஊராகக் காது கொடுத்துக் கேட்பதற்குப் பெட்டி விற்றவன் நான், கேட்கிற வேலையை மட்டும் வாங்குகிறவர்களுக்கே விட்டுவிட்டேன்.