தீர்த்தம்மாளைத் தூங்கவிடுங்கள்

கடத்தூர்ப் பக்கம் ஒரு பால்வாடியில் ஆயா வேலை பார்க்கும் தீர்த்தம்மாளுக்குச் சிரிப்பு என்றாலே எரிச்சல். சிரித்தால் விழுந்துவிடுவாள். முதலில் தாடை தொங்கும், பிறகு கழுத்து, பிறகு முழங்கால். நினைவு மட்டும் தப்பாது. சுற்றி நின்று யார் என்ன பேசினாலும் காதில் விழும். பதில் சொல்லத்தான் நாக்கு எழாது. அதற்குள் யாராவது ஓடிவந்து, வலிப்பு என்று கையில் சாவிக்கொத்தைத் திணிப்பார்கள். எத்தனை வீட்டுச் சாவியைத்தான் ஒருத்தி பிடிப்பாள்?

போதாததற்குப் பகல் தூக்கம் வேறு. கீரை ஆய்ந்துகொண்டிருக்கும்போதே கண் சொருகிவிடும். சோம்பேறி என்று ஊர் சொன்னதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். புருஷன் மாதுவும் அதையேதான் சொன்னான். அவள் தலை கொஞ்சம் சாய்ந்தால் போதும், கிள்ளி எழுப்பிவிடுவான். பெண்டாட்டியின் மானத்தைக் காப்பாற்றுவதாக அவனுக்கு நினைப்பு.

அன்றைக்கு ஒரு குழந்தை சட்டையைக் காலில் மாட்டிக்கொண்டு வந்து நின்றது. தீர்த்தம்மாள் சிரித்தாள், கொதிக்கும் சாம்பார்ச் சட்டிக்குப் பக்கத்தில் சரிந்தாள். சூப்பர்வைசர் அம்மா வந்து, என்ன நோய் என்று டாக்டர் எழுதித் தந்தால் அடுப்படி இல்லாத வேலை தருவதாகவும், இல்லாவிட்டால் வேலையே கிடையாது என்றும் சொல்லிவிட்டார்.

ஒரு டாக்டர் சத்து டானிக் கொடுத்தார். இன்னொருவர் வலிப்பு மாத்திரை கொடுத்தார். மூன்றாமவர்தான் முழுக்கக் கேட்டுவிட்டு, தூக்கத்தைப் பரிசோதிக்கும் பெங்களூர் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்.

அங்கே தலை நிறைய ஒயர் ஒட்டினார்கள். ராத்திரி தூங்க வேண்டும். மறுநாள் பகலிலும் விட்டு விட்டு ஐந்து தடவை விளக்கை அணைத்துப் படுக்கவைப்பார்கள். எவ்வளவு சீக்கிரம் தூங்குகிறாள், மூளை எப்போது கனவுக்குள் போகிறது என்று கம்ப்யூட்டர் சொல்லும். அவள் செய்ய வேண்டியது தூங்குவது ஒன்றுதான். ஆனால் துணைக்கு உட்கார்ந்திருந்த மாது சும்மா இருந்தானா? டாக்டர் எட்டிப் பார்த்ததும் பதறிப்போய் அவளை உலுக்கி எழுப்பிவிட்டான்.

டெக்னீஷியன் கோகிலவாணி தலையில் கைவைத்துக்கொண்டாள். "அவங்க தூங்கறதுக்குத்தானேங்க இவ்ளோ ஒயரு?"

"டாக்டரு வந்து நிக்கறாருங்க. படுத்துட்டு இருந்தா மரியாதையா இருக்குமா?"

பரிசோதனை கெட்டது. வேறு தேதி கொடுத்து அனுப்பினார்கள். திரும்பி வரும் வழியெல்லாம் தீர்த்தம்மாள் பொரிந்து தள்ளினாள்.

"ஊரே தூங்காத தூங்காதங்குது. ஒரே ஒரு எடத்துல தூங்குன்னாங்க. அங்கியும் நீ வுடல."

அடுத்த முறை மாதுவை அறைக்கு வெளியே உட்காரவைத்தார்கள். ஐந்து தடவையும் படுத்த வேகத்தில் தூங்கினாள். கம்ப்யூட்டரில் ஓடிய கோடுகளை டாக்டர் இருவருக்கும் காட்டினார். மற்றவர்களுக்கு வெகுநேரம் கழித்து வரும் கனவுத் தூக்கம் இவளுக்கு உடனே வந்துவிடுகிறதாம். அதற்குப் பெயர் நார்கோலெப்சி. கனவு காணும்போது உடம்பு துவண்டு கிடக்கும். அதே துவளல் சிரிக்கும்போதும் வந்தால் கேட்டப்ளெக்சி.

"இது சோம்பேறித்தனம் இல்லம்மா, மூளையில ஒரு சுரப்பு கம்மி. மாத்திரை இருக்கு" என்றவர் மாதுவின் பக்கம் திரும்பினார். "தூக்கம் வந்தா கொஞ்ச நேரம் தூங்க விடுங்க. எழுப்பாதீங்க."

சான்றிதழ் கைக்கு வந்தது, வேலையும் தப்பித்தது. தீர்த்தம்மாளுக்கு ஆறுதலை முந்திக்கொண்டு ஆத்திரம்தான் வந்தது. இத்தனை வருஷம் வாங்கிய கிள்ளுக்கு யார் பதில் சொல்வது?

தர்மபுரியில் பஸ் மாறி ஏறியதும் தூங்கிப்போனாள். கண் விழித்தபோது பஸ் பொம்மிடியில் நின்றிருந்தது.

"கடத்தூரு தாண்டி வந்திருக்கறமே, ஏன்யா எழுப்பல?"

"டாக்டரு எழுப்பக் கூடாதுன்னாருல்ல" என்று மாது திருதிருவென முழித்தான்.

திட்டத்தான் வாயைத் திறந்தாள். சிரிப்பு வந்து தொலைத்தது. தாடை தொங்கி, தலை அவன் தோளில் விழுந்தது. கண்டக்டர் பதறிக்கொண்டு வந்து சாவிக்கொத்தை நீட்டினார்.

"வலிப்புங்களா? இத கையில குடுங்க."

மாது அவள் தலை சரியாமல் தாங்கிக்கொண்டான். "வேணாங்க. வலிப்பு இல்ல, சிரிக்கறா. செத்த பொறுங்க."

அசைய முடியாமல் கிடந்த தீர்த்தம்மாள் அதைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.