பொய் நோயாளியைத் தேடியவள்

நோயாளியாக நடிக்கும் வேலை ஒன்று சில வருடங்களுக்கு முன் எனக்குக் கிடைத்தது. ஆரம்ப சுகாதார நிலையங்களில் வைத்தியம் எப்படி நடக்கிறது என்று அளக்கிற ஆய்வு அது. மூன்று வாரமாக இருமல், சாயங்காலம் லேசான காய்ச்சல் என்று போய்ச் சொல்ல வேண்டும். சளியில் ரத்தம் வருகிறதா என்று கேட்கிறார்களா, சளிப் பரிசோதனைக்கு அனுப்புகிறார்களா என்று மனதில் குறித்துக்கொண்டு, வெளியே வந்ததும் படிவத்தில் டிக் போட வேண்டும். இப்படி ஒருவர் வருவார் என்று நிலையங்களிடம் முன்பே சம்மதம் வாங்கியிருந்தார்கள். யார், என்றைக்கு என்பது மட்டும் அவர்களுக்குத் தெரியாது.

எனக்கு அப்போது நாற்பத்தேழு வயது. அம்மா இறந்தபின் நாசரேத் வீட்டைப் பூட்டிவிட்டு, முத்தையாபுரத்தில் ஒரு மாடி அறையில் தனியாக இருந்தேன். இந்த வேலைக்கு என்னை ஏன் எடுத்தார்கள் என்று மேற்பார்வையாளரிடம் கேட்டேன். “உங்கள ஒரு தடவ பாத்தா யாருக்கும் ஞாபகம் இருக்காது மேடம். அதான் எங்களுக்கு வேணும்” என்றார். பாராட்டாகத்தான் சொன்னார்.

வேம்பார் பஸ்ஸில் ஏறி, உப்பளத்தை ஒட்டிய ஒரு ஊரில் இறங்கி, அங்கிருந்த நிலையத்துக்குப் போனேன். பொய்ப் பெயரும் பொய் விலாசமும் கொடுத்தேன். போன் நம்பர் மட்டும் ஆய்வுக்காகத் தந்த சிம்முடையது. நர்ஸுக்கு முப்பது வயது இருக்கும். கேட்க வேண்டிய கேள்விகளில் பாதியைக் கேட்கவில்லை. ஆனால் என் கையில் பட்டையைச் சுற்றி பிரஷர் பார்த்தாள். மறுபடியும் பார்த்தாள்.

“அக்கா, நூத்தித் தொண்ணூறு இருக்கு. இதுக்கு முன்ன பாத்திருக்கியளா? டாக்டரு வந்துருவாவ, இங்கனயே உக்காருங்க. மாத்திர வாங்காம போயிராதிய.”

இருமலைத் தவிர வேறு எதற்கும் வைத்தியம் எடுக்கக் கூடாது என்பது எங்களுக்குச் சொல்லப்பட்ட விதி. அவள் உள்ளே போன சமயம் பார்த்து எழுந்து வந்துவிட்டேன். பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்து படிவத்தை நிரப்பினேன். அந்த நிலையத்துக்கு மதிப்பெண் குறைவாகத்தான் வந்தது.

மறுநாள் காலை பத்து மணிக்கு அந்தச் சிம் அடித்தது. எடுக்கவில்லை, எடுக்கக் கூடாது. அடுத்த நாளும் அதே நேரத்துக்கு அடித்தது. மூன்றாம் நாள், பத்து மணி ஆகும் முன்பே நான் அந்தப் போனைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பதை உணர்ந்தேன். என் சொந்த நம்பருக்குக் கம்பெனி விளம்பரங்களைத் தவிர அழைப்பு எதுவும் வந்து வாரக்கணக்காகியிருந்தது. நான்காம் நாள் எடுத்துவிட்டேன்.

“எக்கா! எங்கன இருக்கிய? நீங்க சொன்ன தெருவுல ரெண்டு நாளு அலஞ்சேன். அப்படி ஒரு ஆளே இல்லங்காவ. மாத்திர போடுதியளா?”

“போடுதேன்.”

“பொய் சொல்லாதிய. மாத்திர இங்கனதான கெடக்கு. மயங்கி கியங்கி விழுந்தா யாரு இருக்கா வீட்டுல?”

போனை வைத்துவிட்டு வெகுநேரம் அழுதேன். அன்று சாயங்காலமே நகரத்தில் ஒரு டாக்டரைப் பார்த்தேன். பிரஷர் அப்போதும் அதே அளவில்தான் இருந்தது; மாத்திரை எழுதிக் கொடுத்தார்.

மேற்பார்வையாளரிடம் நடந்ததைச் சொன்னேன். அவள் தேடி அலைந்ததைப் படிவத்தில் எங்கே எழுதுவது என்று கேட்டேன்.

“நிலையத்து கேட்டுக்கு வெளிய நடக்கிறது நம்ம படிவத்துல வராது மேடம். அதோட, நீங்க போன்ல பேசிட்டீங்க. இப்ப அந்த விசிட்டையே கணக்குலருந்து எடுத்துரணும்.” குரலில் கோபம் இல்லை. எடுத்தும் விட்டார். குறைந்த மதிப்பெண்ணும் போயிற்று, அவள் அலைந்ததும் எங்கும் பதிவாகவில்லை.

ஆய்வு முடிந்து, நிலையங்களுக்கு எல்லாவற்றையும் தெரிவித்த பிறகு மறுபடியும் அந்த ஊருக்குப் போனேன். என் உண்மையான பெயரைச் சொன்னேன். நர்ஸ் நிமிர்ந்து பார்த்தாள். என் முகம் அவளுக்கு ஞாபகம் இருந்தது.

“நீங்கதானா அது? அப்ப இருமலு?”

“பொய்.”

“பிரஷரு?”

“அது நெசம்.”

அவள் சிரிக்கவில்லை. “வெயிலுல வீடு வீடா ஏறி எறங்குனேன். செத்துகித்து போயிட்டியளோன்னு பயந்துட்டேன். போங்க, வரிசைல நில்லுங்க” என்றாள். நின்றேன்.

இப்போது மாதம் ஒருமுறை அங்கேதான் போகிறேன். முத்தையாபுரத்துக்குப் பக்கத்திலேயே மாத்திரை கிடைக்கும். இரண்டு பஸ் மாறிப் போக வேண்டிய அவசியம் இல்லை. அவள் என்னோடு சிநேகமாகிவிடவில்லை. என் சொல்லை அவள் இன்னும் நம்புவதில்லை. “காலி அட்டையக் காட்டுங்க” என்று கை நீட்டுவாள். மாத்திரை தீர்ந்த அட்டைகளை அவள் முன்னால் எடுத்து வைப்பேன். ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்துவிட்டு, அடுத்த மாதத்துக்கு மாத்திரை எழுதுவாள்.