வாடகை வெளிச்சம்

பெஞ்சின் ஒரு முனையைப் பிள்ளைகள் தூக்க, மறுமுனையைக் கோகிலாம்பாள் டீச்சர் இழுக்கிறார். காலையில் வாசலை ஒட்டி, அங்கே வெளிச்சம் விலகினால் வராந்தாவுக்கு, வராந்தாவில் வெயில் ஏறினால் மறுபடி உள்ளே. "ஏலே மருதுபாண்டி, காலை எடுலே! பெஞ்சுக்கு இருக்குற நாலு காலு போதும்!" பந்தல்குடிக்குப் பக்கத்தில், தூத்துக்குடி ரோட்டோரம் இருக்கும், அரசு உதவி பெறும் தனியார் பள்ளியின் ஏழாம் வகுப்பு இப்படித்தான் நாள் முழுக்க நகர்ந்துகொண்டே இருக்கிறது.

டீச்சர் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை. தேநீரையும் நின்றபடிதான் குடிப்பார். கல்யாண வீட்டுக்குப் போனால் மாப்பிள்ளையைப் பார்க்கும் முன்பு பந்தலில் ஓடும் வயரைப் பார்ப்பார். ஒட்டுப் போட்ட இடத்தில் கம்பி தெரிந்தால், "இதுக்குக் கீழ பிள்ளைகள உக்கார வைக்காதீக" என்று இலையை நகர்த்திப் போடச் சொல்வார். சொந்தக்காரர்கள் அவருக்கு 'ஈபி அக்கா' என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

இந்தச் சீமையில் எதற்குப் பஞ்சம் வந்தாலும் வெயிலுக்கு வந்ததில்லை. அந்த வகுப்பறையிலும் தெற்குச் சுவரில் இரண்டு பெரிய சன்னல்கள் இருந்தன. போன வருஷம் மதுரையிலிருந்து காரில் வந்திறங்கிய வாஸ்துக்காரர், பள்ளித் தாளாளர் ராஜகுருவின் பருத்தி வியாபாரம் படுத்ததற்கு அந்தச் சன்னல்களே காரணம் என்று கண்டுபிடித்தார். மறுநாளே செங்கல் வைத்து அடைத்தார்கள். ஒரு மனிதரின் பயத்துக்கு ஒரு வகுப்புப் பிள்ளைகளின் கண்கள் விலை.

"தெக்கு எமன் தெச, டீச்சர்" என்றார் ராஜகுரு.

"வந்தா வரட்டும், மொதலாளி. அட்டண்டன்ஸுல பேரச் சேத்து உக்கார வச்சுக்கிறேன். பிள்ளைகளுக்கு எழுத்துத் தெரியணும்ல?"

ஐப்பசி மழையில் சுவர் ஊறியது. விளக்கைப் போடப் போன மருதுபாண்டியைச் சுவிட்சு தூக்கி எறிந்தது. பையன் பிழைத்தது பழைய மரப்பெட்டி ஒன்றின் மேல் நின்றிருந்ததால். வயரிங்கை மாற்றச் சொல்லி டீச்சர் கேட்டார். நிர்வாகம் அந்த வகுப்பின் ஃபியூஸைப் பிடுங்கியது. "இனி ஷாக்கே அடிக்காதுல்ல?" என்று ராஜகுரு பெருமையாகச் சொன்னார். அன்றிலிருந்துதான் பெஞ்சு நகர ஆரம்பித்தது.

டீச்சரின் வேலைக்கு அரசு ஒப்புதல் இன்னும் வரவில்லை. அதற்கான ஃபைல் ராஜகுருவின் மேசையில் தூங்குகிறது. வீட்டில் வேறு வருமானம் கிடையாது. "வாயக் கொஞ்சம் கட்டிப் போடுங்க டீச்சர்" என்று சக ஆசிரியர்கள் சொல்லிப் பார்த்துவிட்டார்கள். "கட்டத்தான் பாக்கேன். அவுந்து அவுந்து விழுகுது" என்பார்.

இன்று பெஞ்சு நகரவில்லை. கட்டட உரிமத்தைப் புதுப்பிக்க அதிகாரி வருகிறார். விடிந்ததும் ரேடியோ செட் தவசி ஏணியோடு வந்து, கல்யாண வீடுகளுக்கு வாடகைக்கு விடும் டியூப்லைட்டுகளைக் கட்டினான். ஆபீஸ் ரூமிலிருந்து வயர் இழுத்து, சுவிட்சுப் பலகையைக் கதவோரம் ஆணியில் மாட்டினான்.

"ஒட்டுக்கு டேப்பு சுத்தலையா, தவசி?"

"அரை நாளுக்கு எதுக்கு டீச்சர்? சாரு கையெழுத்துப் போட்டாகன்னா கழட்டிருவேன். சாயங்காலம் பாலவனத்தத்துல ஒரு வளைகாப்பு இருக்கு."

மத்தியானம் அதிகாரி வருகிறார். கூரையை அண்ணாந்து பார்த்து, "வெளிச்சம் பிரமாதம்" என்கிறார். அடைத்த சன்னல்களின் மேல் புதுச் சுண்ணாம்பு. அதைப் பற்றி அவர் கேட்கவில்லை. இளநீர் வருகிறது. டீச்சரின் நாற்காலியிலேயே உட்கார்ந்து பேனாவைத் திறக்கிறார்.

டீச்சருக்கு நிற்கவும் முடியவில்லை, நடக்கவும் முடியவில்லை. சேலைத் தலைப்பை முறுக்குகிறார், அவிழ்க்கிறார். ராஜகுரு அவர் பக்கம் குனிந்து, "கொஞ்ச நேரம் சும்மா நில்லுங்க டீச்சர். இன்னைக்கே ஒங்க ஃபைலுலயும் கையெழுத்தப் போட்டுருதேன்" என்று மெதுவாகச் சொல்கிறார். நோட்டைக் கண்ணோடு ஒட்டியே எழுதிப் பழகிய பிள்ளைகள் இன்று தலை நிமிர்ந்து, அதைத் தள்ளி வைத்து எழுதிக்கொண்டிருக்கிறார்கள். டீச்சர் அவர்களைப் பார்க்கிறார். கதவோரம் போய்ச் சுவிட்சை அணைக்கிறார்.

வாசலோரம் தவிர அறை மொத்தமும் இருள்கிறது. பேனா காகிதத்தின் மேல் நிற்கிறது.

"இப்ப வாசிச்சுப் பாத்துக் கையெழுத்துப் போடுங்க சார்."

"டீச்சர்! லைட்டப் போடுங்க!" ராஜகுருவின் குரல் எங்கிருந்தோ வருகிறது.

கோகிலாம்பாள் சுவிட்சிலிருந்து கையை எடுக்கவில்லை.