முன் ஃபோர்க் மாற்றிய மேதை

பழைய மோட்டார் சைக்கிளுக்கு, முன்சக்கரத்தின் குலுக்கலைத் தாங்கும் ஃபோர்க்கைத் தங்க நிறத்தில் புதிதாக மாட்டிக்கொண்டு திரிகிறவர்களைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு வரும். கிழவருக்குக் கல்யாண மாப்பிள்ளைச் செருப்பு போட்டுவிட்ட மாதிரி இருக்கும். போன வருடம் அந்தச் செருப்பை வாங்கி மாட்டிய புத்திசாலிகளில் நானும் ஒருவன்.

காரணம் என்னவோ நல்ல காரணம்தான். என் மனைவி திருப்புட்குழியில் அங்கன்வாடி டீச்சர். தினமும் காலையில் நான்தான் கொண்டுபோய் விடுவேன். என் இருபது வருட வண்டியின் பின் சீட்டில் குலுங்கிக் குலுங்கி அவளுக்குத் தீராத இடுப்பு வலி வந்துவிட்டது. இப்படியே போனால் வேலையை விட வேண்டியதுதான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அந்தப் பிள்ளைகளை விட்டு அவளால் இருக்க முடியாது. வண்டியை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று வாக்குக் கொடுத்தேன்.

மெக்கானிக் பின் சீட்டை நாலு தடவை அமுக்கிப் பார்த்தார். பின்னால் இருக்கும் ஷாக் அப்சார்பர் இரண்டும் செத்துவிட்டன, அவற்றை மாற்றினால் போதும் என்றார். எனக்கு இளக்காரமாக இருந்தது. பெருமாள் புறப்பாட்டில் பல்லக்குச் சுமக்கிறவன் நான். முன்தண்டு பிடிக்கிறவர்கள் நடை பிசகாமல் போனால் பெருமாள் குலுங்கமாட்டார், பின்தண்டு தன்னால் அடங்கிவிடும். இது எங்கள் தோளுக்குத் தெரிந்த கணக்கு, ஸ்பேனர் பிடிக்கிறவருக்கு என்ன தெரியும்?

"முன்னால மாத்துப்பா, பின்னால தானா அடங்கிடும்" என்றேன்.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டேன், அப்புறம் உங்கள் இஷ்டம் என்று வேலையை ஆரம்பித்தார். ஃபோர்க்கோடு அதைப் பிடிக்கிற தட்டு, முன் சக்கரம் எல்லாமே புதிதாகிவிட்டன. கூடப் பல்லக்குச் சுமக்கிறவர்கள் வண்டியைச் சுற்றி நின்று தடவித் தடவிப் பார்த்தார்கள். ஒரு அறிவாளிகூடப் பின்னால் ஏறி உட்கார்ந்து பார்க்கவில்லை.

முன்பக்கம் பிரமாதம்தான், பொய் சொல்லக் கூடாது. முன்பெல்லாம் குழியில் இறங்கினால் மணிக்கட்டு தெறித்துவிடும். இப்போது ஒன்றுமே தெரியவில்லை. ரோடு பெயர்ந்து கிடக்கும் இடத்திலும் வேகத்தைக் குறைக்காமல் முறுக்கினேன். அங்கெல்லாம் அவள் என் தோளை இறுகப் பிடித்துக்கொண்டாள். இத்தனை வருடம் கழித்து என்ன ஆசை என்று எனக்குள் ஒரே பூரிப்பு. மண்டையில் களிமண் இருந்தால் இப்படித்தான் தோன்றும்.

பத்து நாள் அவள் ஒன்றும் சொல்லவில்லை. பதினோராம் நாள் காலையில் நான் வண்டியைக் கிளப்பிக்கொண்டு நிற்க, அவள் பையை எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாப்புக்கு நடந்தாள். வண்டியைத் தள்ளிக்கொண்டே பின்னால் போய் என்ன ஆயிற்று என்று கேட்டேன். வலி அதிகமாகிவிட்டதாம். தோளைப் பிடித்தது, ஒவ்வொரு குழிக்கும் உடம்பைச் சீட்டிலிருந்து தூக்கிக்கொள்வதற்காம். இவ்வளவு ஆசையாக மாற்றியிருக்கிறேனே என்றுதான் சொல்லாமல் இருந்தாளாம். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

பஸ் வருவது தெரிந்ததும் பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

"முன்னல்லாம் குழி வந்தா உங்க கை நோவும், வண்டிய மெதுவா வுடுவீங்க. இப்ப உங்களுக்கு நோவல. நீங்க பாட்டுக்குப் போயிக்கினே இருக்கீங்க."