கை தவறிப் போன வீடியோ கால்

"கண்ணாடி போடாம போனை அமுக்காதிய அத்தே, மானம் போவுது" என்பாள் மருமகள் செல்வி. அவளுக்கு நான் போடும் வீடியோ கால், எங்கள் தாராவிக் கட்டடத்தின் வாட்ஸ்அப் குரூப் முழுவதற்கும் போய்விடும்.

போன வாரம் கரண்ட் போய், லிஃப்டுக்குள் தனியாக மாட்டிக்கொண்டேன். அலாரமும் அடிக்கவில்லை. கண்ணாடி இல்லாமலேயே செல்வியைக் கூப்பிட்டேன். வழக்கம்போல குரூப்புக்குப் போய்விட்டது! திரையில் முகம் முகமாக வந்தார்கள். "கப்ராவ் மத் ஆன்ட்டி, பயப்படாதீங்க, வந்துட்டோம்!" என்று கத்தியபடி எல்லா மாடியிலிருந்தும் ஓடிவந்து, வாட்ச்மேனிடம் சாவி வாங்கிக் கதவைத் திறந்துவிட்டார்கள்.

செல்வியோ ஆபீஸ் மீட்டிங்கில் போனை சைலண்டில் போட்டிருந்தாளாம்!

இப்போது நான் கண்ணாடி இல்லாமல் லிஃப்டில் கால் வைப்பதில்லை. அவசரத்தில் கை தவறி, அவளுக்கு மட்டும் போய்விடக் கூடாதே!

— எஸ். பேச்சியம்மாள், தாராவி, மும்பை