லூர்து மேரியின் மூக்குக் கண்ணாடி

எங்கள் எஸ்டேட்டில் மூக்குக் கண்ணாடி வைத்திருந்தவர்கள் ஆபீஸ் கணக்கரான கிராணி ஹெர்பர்ட், தமிழ்ப்பள்ளித் தலைமையாசிரியர், அப்புறம் லூர்து மேரி அக்கா. முதல் இரண்டு பேரும் அதைப் போட்டுக்கொண்டு நெஞ்சை நிமிர்த்தி நடந்தார்கள். அக்கா மட்டும் திருட்டுச் சாமான் மாதிரி ஒளித்து வைத்துப் போட்டாள்.

பாடாங் செராய் டவுனிலிருந்து உள்ளே போகும் செம்மண் சாலையின் கடைசியில் இருந்தது எங்கள் எஸ்டேட். எழுபதுகளின் நடுவில் நானும் அக்காவும் பால் ஸ்டோரில் வேலை செய்தோம். வெட்டுக்காட்டிலிருந்து வரும் ரப்பர் பாலைத் தொட்டியில் ஊற்றி, அசிட் கலந்து உறைய வைப்போம். உறைந்ததை மெஷினில் கொடுத்து ஷீட்டாக இழுப்போம். அசிட் கலப்பது அக்காவின் வேலை. கூடினால் ஷீட் விறைத்துப் போகும், குறைந்தால் பால் உறையாது. அளவுக் குவளையில் இருந்த கோடு கண்ணாடி இல்லாமல் அவளுக்குத் தெரியாது. கோடு என்ன, எதிரில் நிற்கும் ஆளின் முகமே கலங்கலாகத்தான் தெரியும். புருஷன் செத்த பிறகு, காதுத் தோட்டை விற்றுக் கூலிம் டவுனில் வாங்கிய கண்ணாடி அது.

அதை ஏன் ஒளிக்க வேண்டும்? பிச்சையம்மாளுக்கு நடந்ததை நாங்கள் எல்லோரும் பார்த்திருந்தோம். பால்மரம் வெட்டிக்கொண்டிருந்தவளுக்குக் கண்ணில் புரை விழுந்தது. கண் தெரியாத ஆளுக்கு இங்கே வேலை இல்லை என்று கிராணி பேரை வெட்டிவிட்டார். வேலை போனால் எஸ்டேட் கொடுத்த லயத்து வீடும் போய்விடும். மாதம் முடியுமுன் அவளுடைய பானை சட்டி, கோழிக்கூண்டு எல்லாம் லாரியில் ஏறி, பாலிங்கில் இருந்த மருமகன் வீட்டுக்குப் போயின. லயமே வாசலில் நின்று வேடிக்கை பார்த்தது. மேரி அக்கா தன் இரண்டு பெண்பிள்ளைகளையும் இரண்டு கையில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவளுக்குப் போய் ஒண்டிக்கொள்ள மருமகனும் இல்லை, அண்ணன் தம்பியும் இல்லை.

அதனால் ஸ்டோரில் நாங்களே ஓர் ஏற்பாடு செய்துகொண்டோம். கிராணியின் மோட்டார் சைக்கிள் திருப்பத்தில் தெரிந்ததும், வாசலில் ஷீட் அலசும் ராக்காயி வாளியைத் தட்டுவாள். டங் டங் என்று கேட்டதும் அக்கா கண்ணாடியைக் கழற்றி ரவிக்கைக்குள் போட்டுக்கொள்வாள். அவர் போகும்வரை குவளையின் கோட்டை நான்தான் பார்த்து முணுமுணுப்பேன். நாலு வருஷம் இப்படி ஓட்டினோம். கிராணி கண்டுபிடிக்கவில்லை.

அசிட் ஜாடிகளை நிழலில்தான் வைக்க வேண்டும். ஒரு தடவை லாரிக்காரன் வெயிலிலேயே இறக்கிவிட்டுப் போய்விட்டான். கிராணியிடம் சொன்னோம். அப்புறம் பார்க்கலாம் என்றார். சொல்வதற்கு என்ன, திறக்கப் போவது அவரில்லையே! வெயிலில் கிடந்த ஜாடிக்குள் காற்று அடைத்துக்கொள்ளும். மூடியைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் திருக வேண்டும். மறுநாள் அக்கா அப்படித்தான் திருகிக்கொண்டிருந்தாள். அப்போது வாளி டங் டங் என்றது. அவளுடைய இரண்டு கையும் மூடியில் இருந்தன. சீக்கிரம் திறந்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றலாம் என்று ஒரே திருகாகத் திருகிவிட்டாள்.

அசிட் புஸ்ஸென்று முகத்தில் பீய்ச்சி அடித்தது. அக்கா அலறிக்கொண்டு கண்ணாடியைப் பிடுங்கி எறிந்தாள். நான் வாளி வாளியாகத் தண்ணீரை அவள் முகத்தில் ஊற்றினேன். கன்னம் வெந்து போயிருந்தது. கண்ணுக்கு ஒன்றும் ஆகவில்லை. கண்ணாடி சிமெண்டுத் தரையில் கிடந்தது. பிரேம் அசிட் பட்டு இளகிக் கோணிக்கொண்டது. கண்ணாடியின் ஒரு கண் உடைந்து, மற்றது முழுசாக இருந்தது. அதைக் கழற்ற நேரம் கிடைத்திருந்தால் அவளுடைய கண்ணே போயிருக்கும்.

அதற்குள் வந்து சேர்ந்த கிராணி வாசலில் நின்று பார்த்தார். கைக்குட்டையால் அந்தக் கண்ணாடியை எடுத்துச் சுற்றிக்கொண்டு போய்விட்டார்.

சாயங்காலம் அய்யாவு அண்ணன் வந்தார். யூனியன் கிளைச் செயலாளர் அவர்.

"மேரி, இத விடக்கூடாது. ஜாடிய வெயில்ல போட்டு வெச்சது அவங்க தப்பு. கன்னத்துக்கு சொக்சோ இன்சூரன்ஸ் இருக்கு. கண்ணாடிக்குக் கம்பெனிதான் கட்டணும். நஷ்ட ஈடு கேப்போம்."

"வேணாம்லா அண்ணே. கேட்டா, எனக்குக் கண்ணு தெரியாதுன்னு நானே போயி சொன்ன மாதிரி ஆயிடும்."

"அதான் கிராணி எடுத்துட்டுப் போயிட்டாரே."

"அது என்னுதுன்னு யாரு சொன்னா? நீங்களும் சொல்லாதீங்க. பிரேமா, நீயும் வாயத் தொறக்காதே" என்று என்னிடமும் சொன்னாள்.

ஆபீசிலிருந்து உடனே கூப்பிட்டிருந்தால்கூடத் தேவலை. கூப்பிடவில்லை. அக்கா கன்னத்தில் கட்டோடு வேலைக்கு வந்தாள். கோட்டை நான் பார்த்துச் சொன்னேன். வாளி உருளுகிற சத்தத்துக்கெல்லாம் தூக்கிவாரிப்போட்டது அவளுக்கு. ஒருநாள் கஞ்சி கொண்டுபோனேன். வீட்டு மூலையில் பானை சட்டிகளைச் சாக்கில் போட்டுக் கட்டி வைத்திருந்தாள்.

"என்னக்கா இது?"

"இப்பவே கட்டி வெச்சிட்டா அன்னிக்கு எல்லாரும் பாக்க அவதிப்பட வேண்டாம்ல."

எனக்குக் கோபம் கோபமாக வந்தது. யார்மேல் என்று சொல்லத் தெரியவில்லை.

கடைசியில் கூப்பிட்டார்கள். அய்யாவு அண்ணனும் நானும் கூடப் போனோம். மேனேஜர் மேசைமேல் அந்தக் கண்ணாடி இருந்தது. "இனி சியாப்பா பூஞா?" என்று மலாயில் கேட்டார், இது யாருடையது என்று. அக்கா தரையைப் பார்த்தாள். நான் உதட்டைக் கடித்துக்கொண்டேன். கிராணி எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார்.

யாருடையதும் இல்லையென்றால் குப்பையில் போடு என்றார் மேனேஜர். கிராணி அதை எடுத்துக் கூடைக்கு நேராகப் பிடித்தார். உடையாத கண்ணில் ஜன்னல் வெளிச்சம் பட்டு மின்னியது.

"போடாதீங்க!" என்று அக்கா கத்தினாள். "என்னோடதுதான். நாலு வருஷமா என்னோடதுதான்!"

சொல்லிவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். வீடு போச்சு என்றுதான் நானும் நினைத்தேன்.

அய்யாவு அண்ணன் தொண்டையைக் கனைத்தார். "துரை, கண்ணாடி இல்லேன்னா கண்ணு போயிருக்கும். ஜாடி ஏன் வெயில்ல இருந்துச்சின்னு தொழிலாளர் இலாகாவுல கேட்டா, நாங்க உள்ளதச் சொல்லத்தான் வேணும்."

மேனேஜர் கிராணியைப் பார்த்தார். கிராணி ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். அந்தப் பக்கமும் பயம் இருக்கிறது என்று அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது. இலாகாவுக்கெல்லாம் போக வேண்டாம், புதுக் கண்ணாடியைக் கம்பெனி வாங்கித் தரும், இனிமேல் அவள் அதைப் போட்டுக்கொண்டே வேலை செய்யட்டும் என்று மேனேஜர் முடித்துவிட்டார்.

வெளியே வந்ததும் அக்கா படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். "பிரேமா, வீடு இருக்குல்ல?" என்றாள். "இருக்குக்கா." மறுபடி கேட்டாள். லயத்துக்குப் போய்ச் சேரும்வரை கேட்டுக்கொண்டே வந்தாள்.

புதுக் கண்ணாடி வந்தது. ராக்காயி வாளி தட்டுவதை விட்டாள். அக்கா அந்த ஸ்டோரிலேயே பல வருஷம் வேலை செய்தாள். எண்பத்து நாலில் மூத்தவளுக்குப் பாடாங் செராய் மாதா கோயிலில் கல்யாணம். பூசை முடிந்து, பொண்ணும் மாப்பிள்ளையும் ஆசீர்வாதம் வாங்க அக்காவிடம் வந்தார்கள். அந்த நேரம் பார்த்துப் பின்கட்டில் சமையல்காரர் வாளியை டங் டங் என்று தட்டினார்.

அக்காவின் கை தானாக முகத்துக்குப் போனது. கண்ணாடி ரவிக்கைக்குள் போய்விட்டது. மகள் எதிரில் முக்காடும் மாலையுமாக நின்றாள். அக்கா கண்ணைச் சுருக்கிச் சுருக்கி அவள் முகத்தைத் தேடினாள்.

நான் அவள் தோளைப் பிடித்தேன். "யாரும் வரலக்கா. எடுத்துப் போட்டுக்க."

அக்கா ஒரு தடவை வாசல் பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் ரவிக்கைக்குள் கையை விட்டாள்.