கல்யாணத்தைத் தள்ளிவைத்த கப்பல்

கிளைட்பேங்க் கப்பல் தளத்தின் வரைபட அறையில் இஷ்பெல் டெனன்ட் வேலைக்குச் சேர்ந்தபோது அவளுக்கு வயது பதினாறு. என்ஜினியர்கள் பென்சிலால் போட்ட படத்தின் மேல் கஞ்சி ஏற்றிய மெல்லிய லினன் துணியை விரித்து, கோடு பிசகாமல் மசியால் ஏற்ற வேண்டும். அதிலிருந்துதான் பட்டறைக்கு நகல் போகும். கறைபட்டுப் போன துணியை வெந்நீரில் அலசினால் கஞ்சியும் மசியும் கரைந்து பட்டுப்போல ஆகிவிடும். அந்த அறைப் பெண்கள் அத்தனை பேரிடமும் அப்படித் தைத்த கைக்குட்டை உண்டு.

'லேடி லோர்ன்' என்ற பெருங்கப்பலின் வேலை பாதியில் நின்றது, ஊரெங்கும் வேலை நின்ற அந்தப் பஞ்ச காலத்தில். எலும்புக்கூடாக நின்ற கப்பலில் துரு ஏறியது. கடல் காக்கைகள் கூடு கட்டின. இஷ்பெல் தன் அத்தையின் மீன் வறுவல் கடையில் எண்ணெய்ச் சட்டிமுன் நின்றாள். அங்கேதான் டூகல் மெக்ஃபெயில் வந்தான். நெட்டையன், சிவந்த காது. தினமும் மீன் வாங்குவான். மீன் அவனுக்கு அவ்வளவாகப் பிடிக்காது என்பது பிற்பாடுதான் தெரிந்தது.

ஒரு வசந்த காலத்துக் காலையில் பேக்பைப் என்ற ஊதுபை வாத்தியம் முழங்க ஆட்கள் மீண்டும் தளத்துக்குள் நடந்தார்கள். இஷ்பெல் மேசைக்குத் திரும்பினாள். டூகலுக்கு அதே கப்பலின் என்ஜின் அறையில் டர்பைன்களுக்கு எண்ணெய் போடும் வேலை கிடைத்தது. இரண்டு வருஷத்தில் கப்பல் முழுதாக எழுந்து நின்றது. வரும் ஜூலை விடுமுறையில் கல்யாணம் என்று இரு வீட்டாரும் பேசி முடித்தார்கள்.

அந்த மே மாதம் கப்பலை வெள்ளோட்டம் விட்டார்கள். கரையோரம் இரண்டு கம்பங்கள். அவற்றுக்கு நடுவே எத்தனை விரைவாகக் கடக்கிறது என்று பார்ப்பார்கள். இஷ்பெல்லும் தோழி நெட்டியும் கரையில் துணி விரித்து, ரொட்டியும் பாலாடைக்கட்டியும் வைத்துக் காத்திருந்தார்கள். நாலாயிரம் ஜன்னல் வைத்த தெரு ஒன்று ரயில் வேகத்தில் போவதுபோல் கப்பல் போயிற்று. மணிக்கு முப்பது கடல்மைலுக்கு மேல் என்று பிறகு சொன்னார்கள். இருவரும் கத்திக் கைதட்டிக்கொண்டிருக்கையில், அது கிளப்பிய அலை நிதானமாக வந்து சேர்ந்தது. ரொட்டி, கூடை, நெட்டியின் செருப்பு எல்லாவற்றையும் அள்ளியது.

"என்னடி இது, நீ போட்ட கப்பல் என் செருப்பத் தூக்கிட்டுப் போகுது!" என்று நெட்டி பாவாடையைத் தூக்கிக்கொண்டு ஓடினாள்.

அன்று மாலை டூகல் வந்தான். முகத்தில் சிரிப்பும் இல்லை, அழுகையும் இல்லை.

"வேகம் இருக்கு இஷ்பெல். ஆனா பின்பக்கம் பூரா நடுங்குது. சூப்ப ஊத்தினா, அது தட்டுல இருந்து எழுந்து எதிர்ல இருக்கறவர் மடியில போய் உக்காந்துக்குது."

"அய்யய்யோ. என்னவாம்?"

"புரொப்பெல்லர்தான்னு சொல்றாங்க. தண்ணிய அது அடிக்கிற அடியும் கப்பலோட உடம்பு ஆடற ஆட்டமும் ஒண்ணா சேந்துக்குதாம்."

மறு வாரமே வரைபட அறையில் புதிய படங்கள் வந்து இறங்கின. மூன்று இறக்கைக்குப் பதிலாக நான்கு இறக்கை. ஒவ்வொரு வளைவும் புதிது. ஜூலையில் முடிகிற வேலையில்லை. மணமான பெண்ணுக்கு அந்த அறையில் இடம் கிடையாது. மோதிரம் ஏறிய மறுநாள் வீட்டுக்கு. அறைத் தலைவி மிஸ் கருதர்ஸ் கண்ணாடியை இறக்கிக்கொண்டு சொன்னாள்: "போறதுன்னா போ. நான் தடுக்கல. ஆனா இந்த வளைவுகள யாரு போடுவா, அதையும் நீயே சொல்லிட்டுப் போ."

இஷ்பெல் இரண்டு நாள் யோசித்துவிட்டு டூகலின் வீட்டுக்குப் போனாள். கல்யாணத்தைத் தள்ளிவைக்கலாம் என்றதும் அவன் அம்மா கரண்டியைக் கீழே வைத்தாள்.

"ஏம்மா, கேக்கு சுட்டு வச்சாச்சே!"

"விஸ்கி ஊத்தின கேக்குதானே அத்தை? எங்க போகப் போகுது?"

"மாப்பிள்ளை எங்கயாவது போயிட்டா?"

டூகல் காது இன்னும் சிவக்க உட்கார்ந்திருந்தான். "என்னைவிட அந்த நாலு இறக்கை ஒசத்தியா உனக்கு?"

"அதுக்கு மேலதான நீ படுத்துத் தூங்கணும்? நடுங்கற கட்டில்ல படுத்துட்டு வந்து யாருகிட்ட புலம்புவே? என்கிட்டதானே!"

அவன் அடக்கப் பார்த்தான், முடியவில்லை. அவன் சிரித்ததும் அம்மாவும் கரண்டியை எடுத்துவிட்டாள்.

கோடை முழுதும் இஷ்பெல் மசியும் கையுமாக இருந்தாள். இறக்கைகளை வார்த்துப் பூட்டி, மறு வெள்ளோட்டத்துக்குத் தேதி குறித்தபோது, வரைபட அறையிலிருந்து ஒருத்தியாவது வர வேண்டும் என்று மிஸ் கருதர்ஸ் ஒற்றைக்காலில் நின்றாள். இஷ்பெல்லை அனுப்பினார்கள்.

பின்பக்கத்துச் சாப்பாட்டு அறையில் என்ஜினியர்கள் சூழ்ந்து நிற்க, ஒரு தட்டில் சூப்பை ஊற்றினார்கள். கப்பல் வேகம் எடுத்தது. கதவோரம், அந்தப் பக்கமே வரக்கூடாத டூகல், எண்ணெய்க் கையோடு எட்டிப் பார்த்தான். சூப்பின் மேல் மெல்லிய வளையம் மட்டும் எழுந்து அடங்கியது.

"மேசை இன்னும் கொஞ்சம் ஆடுதே," என்று தலைமை என்ஜினியர் குனிந்தார்.

"மன்னிக்கணும் சார், அது என் முழங்கால்," என்றாள் இஷ்பெல்.

அந்த அறையில் எழுந்த சிரிப்பு அடங்கவே நேரமாயிற்று. இரண்டு வாரம் கழித்துக் கல்யாணம் நடந்தது. நன்றாக ஊறியிருந்த கேக்கைத் தின்ற பாதிரியாருக்கு வீட்டுக்குப் போகத் துணை தேவைப்பட்டது.

டூகல் அந்தக் கப்பலிலேயே காலம் தள்ளினான். ஐந்து நாளுக்குள் நியூயார்க். போர்க்காலத்தில் சிப்பாய்களை ஏற்றிக்கொண்டு ஓடியபோது, அந்த வேகம்தான் அவர்களைக் காப்பாற்றியது. பிறகு விமானங்கள் வந்தன. பயணிகளைவிடப் பணியாட்கள் அதிகமாகிவிட்ட ஒரு குளிர்காலத்தில் கப்பலை விற்றார்கள். ஆண்ட்வெர்ப் துறைமுகத்தில் அதை ஓட்டலாக்கினார்கள். அந்த நிறுவனம் நொடித்தது, வேறொன்று வாங்கியது. உடைக்கலாமா, அருங்காட்சியகம் ஆக்கலாமா, அப்படியே விடலாமா என்று நகரசபையில் சண்டை ஓய்வதில்லை.

எண்பதை நெருங்கும்போது கிழவனும் கிழவியும் ஒரு ராத்திரி அங்கே தங்கப் போனார்கள். முதல் வகுப்பு அறை. டூகல் விடியும்வரை புரண்டார்.

"சத்தமே இல்லையே. சுடுகாடு மாதிரி இருக்கு. எப்படித் தூங்கறது?"

"கண்ண மூடிக்கிட்டு. வாயையும்."

காலைச் சாப்பாட்டின்போது மேலாளரான அந்த ஊர்ப் பெண் கேட்டாள்: "அடுத்த வருஷமும் வருவீங்களா? நாங்களே இருப்போமான்னு தெரியல."

"எங்களுக்கும் அதே கதைதாம்மா. நீ ரூம எழுதி வை. இந்தாளுக்கு மட்டும் என்ஜின் பக்கமா ஒண்ணு பாத்துக் குடு."

அடுத்த மே மாதம் போனார்கள். கப்பல் இருந்தது. ஒரு புகைபோக்கிக்குப் புதிதாகச் சிவப்பு அடித்திருந்தார்கள். மற்றதற்கு நகரசபையில் இன்னும் தீர்மானம் ஆகவில்லை. டூகல் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து, வர்ணம் பூசுகிறவனிடம் அவன் எந்த இடத்தை விட்டுவிட்டான் என்று கை நீட்டிச் சொல்லிக்கொண்டிருந்தார்.